ரத்த வடிகட்டியின் கதை

ஜப்பானில் குடல் அழற்சி நோயை மருந்தே இல்லாமல், ரத்தத்தை வடிகட்டிக் குணப்படுத்துகிறார்கள் என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி எங்கே போனது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்த நோயில் நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே குடல் சுவரில் குவிந்து அதைப் புண்ணாக்குகின்றன. வயிற்றுப்போக்கு, ரத்தப்போக்கு, நாளுக்குப் பத்து தடவை கழிவறை. 1955-இல் இங்கிலாந்தில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் கார்டிசோன் இதைத் தணிக்கும் என்று சோதித்துக் காட்டினார்கள். ஆனால் ஸ்டீராய்டை நாள்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், முகம் வீங்கும். வீட்டில் யாராவது சாப்பிட்டிருந்தால் உங்களுக்கே தெரியும்.

வெள்ளையணுவை மருந்தால் அடக்குவதற்குப் பதில் வெளியே எடுத்துவிட்டால் என்ன?

ரத்தத்தை வெளியே எடுத்து, ஒரு பகுதியைப் பிரித்துவிட்டு மீதியை உடலுக்கே திருப்பும் வேலையை 1914-லேயே அமெரிக்காவில் ஜான் ஏபல் குழுவினர் நாய்களிடம் செய்து பார்த்தார்கள். மனிதருக்கான அணுப் பிரிப்பு இயந்திரம் 1960-களில் வந்தது. அதன் பின்னால் ஒரு தகப்பன் இருக்கிறார். ஐபிஎம் பொறியாளர் ஜார்ஜ் ஜட்சனின் மகனுக்கு ரத்தப் புற்றுநோய். மகனுக்குச் சிகிச்சை நடந்த தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கே போய், டாக்டர் ஃப்ரைரிக்கோடு சேர்ந்து இயந்திரத்தை வடிவமைத்தார். அது ரத்தத்தைச் சுழற்றி அணுக்களைப் பிரித்தது.

ஜப்பானியர் சுழற்றவில்லை, ஒட்ட வைத்தார்கள். நம் பேஸ்மென்ட்டில் நிற்கும் வாட்டர் சாஃப்ட்னரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சிறு மணிகள், தண்ணீர் அவற்றின் ஊடே போகும். அவர்களின் ‘அடாகாலம்’ குழாயிலும் 2 மி.மீ. செல்லுலோஸ் அசிடேட் மணிகள்தான். ஒரு கையிலிருந்து ரத்தம் நிமிடத்துக்கு 30 மி.லி. வீதம் ஒரு மணி நேரம் அதற்குள் ஓடி, மறு கை வழியாகத் திரும்பும். அழற்சியைத் தூண்டும் வெள்ளையணுக்களில் கணிசமானவை மணிகளில் ஒட்டிக்கொள்ளும். டயாலிசிஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கழிவை அகற்றும், இது அணுக்களைப் பிடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சேர்த்தாக வேண்டும் என்பதால் ‘மருந்தே இல்லை’ என்பதும் முழுக்கச் சரியில்லை.

பெருங்குடல் புண் நோய்க்கு 2000-இல் அங்கே காப்பீட்டோடு அனுமதி கிடைத்தது. குரோன் நோய்க்கு 2009-இல்.

வாட்ஸ்அப்பில் விட்டுப்போன பாதி இனித்தான். வட அமெரிக்காவில் 168 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு உண்மையான வடிகட்டல், மற்றவர்களுக்கு அதைப் போலவே தோன்றும் பாவனைச் சிகிச்சை. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2008-இல் முடிவு வெளியானது: நோய் தணிந்தவர்கள் வடிகட்டலில் 17 சதவீதம், பாவனையில் 11 சதவீதம். இவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்பதால் பலன் நிரூபணமாகவில்லை. பெரிய பக்கவிளைவு இல்லை என்பது மட்டும் அதன் பலம். என் கணிப்பில், ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாத சிலருக்கு மருத்துவர் யோசிக்கக்கூடிய துணை வழி, அவ்வளவுதான்.

ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே இதே பெருங்குடல் நோயோடு போராடியவர். 2007-இல் பதவி விலகினார். 2012-இல் திரும்பி வந்தபோது தன்னைத் தேற்றியதாக அவர் சொன்னது ஒரு புது மருந்தை: அசகால் மாத்திரை.