ஒரு நாவலாசிரியர், இரண்டு தீர்ப்புகள்

கீவ் நகரை நோக்கி நீப்பர் ஆற்றில் வந்துகொண்டிருக்கும் நீராவிக் கப்பலில் ஒரு கிராமத்து இளைஞன் இருக்கிறான். பெயர் ஸ்தெபான் ராத்சென்கோ. நகரத்தில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி உழைக்க வேண்டும் என்பது அவன் லட்சியம். வந்த இடத்தில் தங்கக் கிடைப்பது ஒரு வீட்டின் கொட்டகை; பக்கத்திலேயே மாடுகள். கொஞ்ச காலத்தில் அவன் பெயர்பெற்ற எழுத்தாளன் ஆகிவிடுகிறான். ஆனால், ஏறிய படிதோறும் ஒரு பெண்ணைக் கைவிட்டே மேலே போகிறான். ஒருத்தி உயிரையே மாய்த்துக்கொள்கிறாள். கடைசிவரை அவன் ஊர் திரும்பவே இல்லை.

1928-இல் வெளிவந்த ‘நகரம்’ நாவலின் கதை இது. எழுதிய வலேரியன் பித்மொஹில்னிக்கு அப்போது வயது 27. இன்றைய தினிப்ரோ நகரை ஒட்டிய சாப்லி கிராமத்தில், 1901-இல் பிறந்தவர்.

உக்ரைனிய மொழிக்கு அது நல்ல காலம். 1923 முதல் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உக்ரைனிய மொழியையே புழங்க வேண்டும் என்று சோவியத் அரசே சொல்லிவந்தது. நாவலில் ஸ்தெபான் குமாஸ்தாக்களுக்கு மொழி கற்றுக்கொடுத்துத்தான் பிழைக்கிறான். பித்மொஹில்னியும் கவிஞர் யெவ்ஹென் புளுஸ்னிக்கும் சேர்ந்து அலுவலக வழக்குத் தொடர்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தார்கள். பால்சாக், மாப்பசான், அனத்தோல் பிரான்ஸ் ஆகியோரையும் பித்மொஹில்னி உக்ரைனியத்துக்குக் கொண்டுவந்தார்.

‘நகரம்’ அரசைத் தாக்கிய நாவல் அல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கிராமத்திலிருந்து வருபவன் புரட்சிக்குத் தொண்டு செய்யும் புது மனிதனாக வேண்டும் என்று கட்சி விரும்பியது. இவர் காட்டியதோ ஆசை, சுயநலம், குற்ற உணர்வு எல்லாம் கலந்த சாதாரண மனிதனை. தன்னைப் போற்றாதவரையும் எதிரிகள் கணக்கிலேயே எழுதிக்கொண்டது அந்த ஆட்சி.

காற்று சீக்கிரமே திசை மாறியது. 1930-இல் ஓர் இதழில் தொடராக வந்த அவரது ‘சிறியதொரு நாடகம்’ நாவல், உள்ளூரில் நூலாகவில்லை. 1956-இல் பாரிஸில்தான் அச்சேறியது. 1932-33இல் பஞ்சம் லட்சக்கணக்கான உக்ரைனியர்களை விழுங்கியது. மொழிக்குக் கொடுத்த சலுகைகளும் பறிபோயின.

1934 டிசம்பர் 1 அன்று, லெனின்கிராடில் கட்சித் தலைவர் கீரவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைச் சாக்காக வைத்து ஸ்டாலின் நாடெங்கும் வலை வீசினார். பித்மொஹில்னியின் நண்பரும் சிறுகதையாளருமான ஹ்ரிஹோரி கொசின்கா அதே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 8 அன்று கார்கிவ் அருகே பித்மொஹில்னி கைதானார். பயங்கரவாத அமைப்பில் உறுப்பினர் என்பது குற்றச்சாட்டு. 1935 மார்ச்சில் ராணுவ நீதிபதிகள் தீர்ப்பு வழங்கினார்கள்: பத்தாண்டுச் சிறை. புளுஸ்னிக்கும் தப்பவில்லை, காசநோயாளியான அவர் மறு ஆண்டே சிறையில் இறந்தார்.

இருவரையும் அனுப்பிய இடம் சோலோவ்கி. வெண்கடல் தீவுகளில் இருந்த பழைய மடாலயத்தைத்தான் சிறைமுகாமாக மாற்றியிருந்தார்கள். அங்கேயும் பித்மொஹில்னி பேனாவைக் கீழே வைக்கவில்லை. மொழிபெயர்ப்பு செய்வதையும், ‘இலையுதிர்காலம் 1929’ என்ற நாவலை எழுதிவருவதையும் வீட்டுக்குக் கடிதங்களில் தெரிவித்தார். அந்த நாவலின் கையெழுத்துப் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது தீர்ப்புக்குப் புதிய குற்றம் எதுவும் தேவைப்படவில்லை. 1937 ஆகஸ்டில் ரகசியப் போலீஸ் தலைவர் யெஷோவ், சிறைகளுக்கும் கொலை இலக்கு நிர்ணயித்தார். சோலோவ்கிக்கு ஒதுக்கிய எண்ணிக்கை 1,200. எண்ணிக்கையை நிரப்பக் கைதிகளின் கோப்புகளைப் புரட்டினார்கள். வழக்கறிஞரும் கிடையாது, கைதியை நேரில் நிறுத்துவதும் கிடையாது. லெனின்கிராடில் அமர்ந்திருந்த மூவர் குழு பட்டியலுக்கு ஒப்புதல் கொடுத்தது.

அக்டோபர் 27-க்கும் நவம்பர் 4-க்கும் இடையே, கரேலியாவின் சந்தர்மோஹ் காட்டில் 1,111 பேர் சுடப்பட்டார்கள். பித்மொஹில்னியின் முறை நவம்பர் 3 அன்று வந்தது. அதே நாளில் நாடகாசிரியர் மிக்கோலா குலிஷ், கவிஞர் மிக்கோலா ஸேரோவ் ஆகியோரும் கொல்லப்பட்டார்கள்.

1956-இல் அரசு பித்மொஹில்னியைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது. ஆனாலும் ‘நகரம்’ சோவியத் உக்ரைனில் மறுபடி வெளிவர 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதைகுழிகள் இருந்த இடம் 1997-இல்தான் தெரியவந்தது. ஆய்வாளர் யூரி திமித்ரியெவும் அவரது கூட்டாளிகளும், சுட்டுக் கொன்ற அதிகாரிகள் விட்டுச்சென்ற ஆவணங்களை வைத்தே அதைக் கண்டுபிடித்தார்கள். கொன்றவர்கள் எழுதிவைத்த கணக்கே அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

அதே நவம்பர் 3 அன்று, அதே காட்டில் உயிரிழந்த இன்னொருவர், உக்ரைனிய நாடக மேடையைப் புரட்டிப்போட்ட இயக்குநர் லெஸ் குர்பாஸ். அவர் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)