மூன்றாம் ஸ்லாட்டு

ஆப்பிள் II கம்ப்யூட்டரின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் ஸ்டீவ் வோஸ்னியாக்கில் தொடங்கி ஸ்டீவ் ஜாப்ஸில் முடித்துவிடுகிறார்கள். நான் டி.வி. மெக்கானிக். சாலிடேர், டயனோரா பெட்டிகளின் பின்பக்கத்தைத் திறந்து வேலை பார்த்தே குடும்பம் நடத்தியவன். எனக்கு இந்தக் கதை டி.வி. பெட்டியில்தான் தொடங்குகிறது. முடிவதும் அந்த இரண்டு பேரிடம் அல்ல. போர்டு செய்து விற்ற சின்னச் சின்னக் கம்பெனிகளிடம்.

1977ல் அந்த மெஷின் விற்பனைக்கு வந்தபோது திரையில் வரிக்கு 40 எழுத்து, மொத்தம் 24 வரி. அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்து மட்டும். எழுத்து வடிவங்களை வைத்திருந்த ஐ.சி.யில் 64 வடிவங்களுக்குத்தான் இடம். ஏன் 40? வீட்டு டி.வி.யில் தெரிய வேண்டும், அதனால். ஓர் எழுத்துக்குக் குறுக்கே 7 புள்ளி என்றால் 40 எழுத்துக்கு 280 புள்ளி. ஒன்று வெள்ளை, அடுத்தது கறுப்பு என்று மாறி மாறி அனுப்பினால் சிக்னல் 3.58 மெகாஹெர்ட்ஸ். அன்றைய அமெரிக்க டி.வி. முறையில் கலர் சிக்னல் ஏறி வந்ததும் அதே அலைவரிசையில்தான். வோஸ்னியாக் இதைத் தெரிந்தே செய்தார். புள்ளியை ஒரு இடம் தள்ளி வைத்தால் கலர் மாறும். கலருக்கென்று பெரிய சர்க்யூட் எதுவும் வேண்டாம். அந்தச் சிக்கனத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கைதட்டத் தோன்றும்.

80 எழுத்து வேண்டுமென்றால் கணக்கு இரட்டிப்பாகிவிடும். 560 புள்ளி, 7 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சிக்னல். ஆண்டெனா வழியாக வாங்கிய அன்றைய டி.வி. ஏறக்குறைய 4 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேல் கொடுத்தால் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் கறையாகத் தெரியும்.

அந்த 40 எழுத்தையாவது டி.வி.யில் காட்ட ஆப்பிள் வழி செய்ததா என்றால், அதுவும் இல்லை. ஆண்டெனா முனையில் சிக்னல் கொடுக்க ஆர்.எஃப். மாடுலேட்டர் வேண்டும். அதை மெஷினுக்குள் வைத்து விற்றால் அமெரிக்க அரசின் எஃப்.சி.சி. விதிகளில் சிக்கிக்கொள்ளும். மார்ட்டி ஸ்பெர்கெல் என்பவரின் எம் அண்ட் ஆர் நிறுவனம் 'சூப்பர்மாட்' என்ற பெயரில் அந்தச் சின்ன போர்டைத் தனியாக விற்றது. மெஷினின் அரைகுறையை வெளியாள் வந்து நிரப்பிய கதை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

விளையாட்டுக்கும் பேசிக் புரோகிராமுக்கும் 40 போதும். கடிதம் எழுத உட்கார்ந்தவர்கள்தான் தவித்தார்கள். பால் லூட்டஸ் 1979ல் எழுதிய ஆப்பிள் ரைட்டர் என்ற எழுத்து வேலைப் புரோகிராமில் எல்லாமே பெரிய எழுத்தாகத்தான் திரையில் தெரியும். எது நிஜமாகவே பெரிய எழுத்தோ அது மட்டும் வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பாக வரும். ஷிஃப்ட் பட்டன் வேலைக்கு ஆகாது. எஸ்கேப் பட்டனை அழுத்த வேண்டும். டான் பேமார் என்பவர் சின்ன எழுத்து வரவைக்கும் குட்டி போர்டு ஒன்றைச் செய்தார். கைவேலை தெரிந்தவர்கள் ஷிஃப்ட் பட்டனிலிருந்து ஒரு ஒயரை இழுத்து, ஜாய்ஸ்டிக் செருகும் சாக்கெட்டில் சால்டர் வைத்தார்கள். பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று புரோகிராம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் தோன்றியிருக்க வேண்டிய யோசனை அது.

மெஷினுக்குள் செருகும் 80 எழுத்துக் கார்டுகளின் காலம் அடுத்து வந்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் ஒன்று, அதே எம் அண்ட் ஆர் செய்த சூப்பர்டெர்மினல். அதிகம் பேர் வாங்கியது ஓரிகான் மாநிலம் கொர்வாலிஸ் ஊரில் இருந்த விடெக்ஸ் கம்பெனியின் வீடியோடெர்ம், 1980ல் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் மகன் பழைய ஆப்பிள் II பிளஸ் ஒன்றை வாங்கி அனுப்பியபோது அதற்குள் இந்தக் கார்டும் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நடுநாயகம் மோட்டோரோலா 6845. திரைக்கு நேரம் பிரித்துக் கொடுக்கும் ஐ.சி. 1981ல் ஐ.பி.எம். தன் பி.சி.யின் டிஸ்பிளே கார்டுகளில் போட்டதும் இதையேதான். 80 எழுத்து, 24 வரி என்றால் 1,920 எழுத்து. கார்டிலேயே 2,048 பைட் மெமரி இருக்கிறது, சரியாகப் போய்விட்டது. திரையின் எழுத்துகளை வைக்க மெஷினின் சொந்த மெமரி தேவையில்லை. அந்த 2,048ஐ நாலாகப் பிரித்து, 512 பைட் அகலமுள்ள ஒரே ஜன்னல் வழியாக பிராசஸருக்குக் காட்டுகிறார்கள். திரையில் ஒரு வரி மேலே ஏற வேண்டுமா? ஆப்பிளின் 40 எழுத்துத் திரையில் பிராசஸர் எல்லா எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைக்கும். இங்கே 6845க்கு 'இந்த இடத்திலிருந்து படி' என்று முகவரியை மாற்றிச் சொன்னால் வேலை முடிந்தது. அப்படிச் சுத்தமான வேலை.

ஒரு சிரமம் உண்டு. கார்டின் வீடியோ தனி, மெஷினின் வீடியோ தனி. எழுதி முடித்துப் படம் பார்க்க வேண்டுமென்றால் கேபிளைப் பிடுங்கி மாற்ற வேண்டும். அதற்கும் ஒரு சுவிட்சு போர்டை விடெக்ஸ் விற்றது. வீட்டு டி.வி.யும் உதவாது, தனி மானிட்டர் வாங்கியாக வேண்டும். அப்படியும் வாங்கினார்கள். கார்டு செருகுவதற்கென்று வோஸ்னியாக் வைத்த எட்டு ஸ்லாட்டுகள் இல்லையென்றால் இது எதுவுமே நடந்திருக்காது. பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, இரண்டு போதும் என்றார் ஜாப்ஸ். வோஸ்னியாக் பிடிவாதமாக நின்றார். அவர் நின்ற பக்கம்தான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எட்டில் மூன்றாம் எண் ஸ்லாட்டு எப்படித் திரைக்கு உரியதானது? 1979ல் வந்த ஆப்பிள் பாஸ்கல் என்ற புரோகிராம் மொழி 80 எழுத்துத் திரையை எதிர்பார்த்து எழுதப்பட்டது. கார்டு இல்லாதவர்கள் கன்ட்ரோல்-ஏ அழுத்தி இடப்பாதி, வலப்பாதி என்று மாற்றி மாற்றிப் படித்தார்கள். வெளித் திரை இருக்கிறதா என்று பாஸ்கல் தேடியது மூன்றாம் ஸ்லாட்டில். கார்டு செய்தவர்கள் எல்லோரும் அங்கேயே குடியேறினார்கள். 1980ல் மைக்ரோசாஃப்ட் தன் முதல் ஹார்டுவேராக இசட்-80 பிராசஸர் கொண்ட சாஃப்ட்கார்டை விற்றது. அதைப் போட்டால் வேர்டுஸ்டார் என்ற எழுத்து வேலைப் புரோகிராம் ஓடும். வேர்டுஸ்டாருக்கு 80 எழுத்து வேண்டும். இரண்டு கார்டும் ஜோடி சேர்ந்தன. 40 எழுத்தில் ஏறக்குறைய நாலு பத்தி மட்டும் காட்டிய விசிகால்க் என்ற கணக்கு அட்டவணைப் புரோகிராமை 80க்கு விரிக்கவும் விடெக்ஸ் ஒரு புரோகிராம் கொடுத்தது. டைப்ரைட்டரை மூடி வைத்துவிட்டு இந்த மெஷினில் உட்கார்ந்தவர்கள் அந்தக் கார்டுகளை நம்பித்தான் உட்கார்ந்தார்கள்.

1983 ஜனவரியில் வந்த ஆப்பிள் IIஇ-யில் சின்ன எழுத்து கூடவே வந்தது. 80 எழுத்துக்குத் தனியாக ஒரு துணை ஸ்லாட்டு. அதில் செருகும் கார்டு கெட்டிக்காரத்தனமானது. அதன் மெமரியையும் மெஷினின் மெமரியையும் ஒரே நேரத்தில் படித்து, ஓர் எழுத்து இங்கிருந்து, ஓர் எழுத்து அங்கிருந்து என்று கோக்கும். வீடியோ ஒரே வழியில் வெளியே வரும், கேபிள் மாற்ற வேண்டியதில்லை. வெளியார் கார்டுக்குத் தேவை குறைந்தது. விடெக்ஸ் பிற்பாடு பார்கோடு ரீடர், மின்னணுப் பூட்டு என்று வேறு தொழிலுக்குப் போனது.

ஆனால் பழைய புரோகிராம்கள் கார்டை மூன்றில்தான் தேடும் என்பதால், துணை ஸ்லாட்டில் கார்டு இருக்கும்போது அது மூன்றாம் ஸ்லாட்டில் இருப்பதாகவே IIஇ காட்டிக்கொண்டது. அந்தக் கட்டாயத்தை உண்டாக்கியதில் கார்டு செய்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 80 எழுத்துத் திரைக்குப் போகத் தட்ட வேண்டியது 'பிஆர்#3'. 1986ல் வந்த IIஜிஎஸ்-ஸிலும் அதே கட்டளைதான்.