ஏட்டிலிருந்து கைத்தொலைபேசிக்கு

கரடியனாற்று மாணவர், அச்சில் அருகிவிட்ட நூல்களை இசைவு பெறாமலே கைத்தொலைபேசியிற் பகிர்கின்றனர், திருட்டென்பர் சிலர். படுவான்கரை அண்ணாவிமார் கூத்தேடுகளைப் பெயர்த்தெழுதியபோது எவரிடம் உரிமை கேட்டனர்? படியெடுத்தமையாலன்றோ அவை கறையானுக்குத் தப்பின! 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறு படியில்லாதவை மீளவேயில்லை.

2003ஆம் ஆண்டின் புலமைச்சொத்துச் சட்டமோ ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுவரை உரிமையைக் காக்கிறது. 1990இல் மறைந்தவரின் நூலை 2060வரை அச்சிடாமலே பூட்டிவைக்கலாம். எழுத்தாளனின் கூலியை நாம் மறுக்கவில்லை. விற்பனையிலுள்ள நூலை வசதிபடைத்தவர் இலவசமாய்க் கவர்வது சுரண்டலே. 2005இல் தோன்றிய நூலகம் திட்டம் இசைவு கேட்டே நூல்களை மின்வடிவில் இலவசமாய் வழங்குகிறது. ஆயின் போர் சிதறடித்த குடும்பங்களில் உரிமையாளரைத் தேடிக் காண்பதே பெரும்பாடு.