பல்பயன் ஏணியின் வரலாறு

பல்பயன் ஏணி என்பது ஒரே சட்டகத்தைச் சுவரில் சாய்த்து ஏறும் நேர் ஏணியாகவும், தானே நிற்கும் மடக்கு ஏணியாகவும், மாடிப்படியில் கால்களை ஏற்றி இறக்கி வைக்கும் ஏணியாகவும், சில வகைகளில் தாழ்வான சாரமாகவும் மாற்றிக்கொள்ளத்தக்க கருவி ஆகும். மின்விளக்கு மாற்றுதல், ஒட்டடை அடித்தல், சுவருக்கு வண்ணம் பூசுதல், கூரையோரக் குழாயில் அடைத்த சருகுகளை அள்ளுதல் போன்ற வேலைகளை ஆள் வைக்காமல் தாமே செய்துகொள்ளும் வீட்டுக்காரர்களே இதை மிகுதியாக வாங்குகின்றனர். ஒன்றை வாங்கினால் நான்கு கிடைக்கும் என்பது கடைக்காரர் பேச்சு. அது பொய்யன்று. ஆனால் அந்த நான்கும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. ஒவ்வொன்றும் வழுக்கி விழச் செய்யும் விதமும் வேறு.

தொடக்கம்

ஏணியில் ஏறியவரின் மிகப் பழைய படங்களுள் ஒன்று ஸ்பெயினின் வலென்சியா பகுதியில், பிகோர்ப் ஊருக்கு அருகிலுள்ள சிலந்திக் குகைகளில் உள்ளது. பல ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய அப்பாறை ஓவியத்தில், கொடிகளையோ கயிறுகளையோ பற்றித் தொங்கியபடி ஒருவர் தேன் எடுக்கிறார். சுற்றிலும் தேனீக்கள் பறக்கின்றன. மலைத்தேன் எடுக்க ஏணி செய்யும் வழக்கம் தமிழிலும் பழையது. மூங்கிலின் கணுக்களையே படிகளாகக் கொண்ட கண்ணேணிக்கு 'மால்பு' என்ற தனிச்சொல் மலைபடுகடாமில் காணப்படுகிறது. நீலகிரியின் பழங்குடியினர் சிலர் காட்டுக்கொடிகளைப் பின்னிய ஏணியில் இறங்கித் தேன் எடுத்து வந்துள்ளனர்.

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில் 2003இல் கிடைத்த மரப்படிக்கட்டு இன்னொரு வியப்பு. மரவளையங்களைக் கணக்கிட்டு, அதன் மரங்கள் கி.மு. 1344 அளவில் வெட்டப்பட்டவை என்று கண்டறிந்தனர். உப்பு ஊறிய சூழலே அம்மரத்தை உளுத்துப்போகாமல் காத்தது.

வீட்டுக்குள் வந்த ஏணி

தோட்டத்திலும் கட்டட வேலையிலும் கிடந்த ஏணியை வரவேற்பறைக்குள் அழைத்து வந்தவை புத்தகங்களே. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் நூலக அலமாரிகள் கூரையை முட்டின. மேல்தட்டை எட்ட ஏணி வேண்டும். ஆனால் அழகான அறையில் ஏணி கண்ணில் படக்கூடாது. லண்டனைச் சேர்ந்த அறைகலன் செய்பவரான ராபர்ட் கேம்ப்பெல், மேசைக்குள்ளும் நாற்காலிக்குள்ளும் மடங்கி ஒளியும் படிகளுக்கு 1774இல் காப்புரிமை பெற்றார். கடல் கடந்து அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளினிடமும், இருக்கையைத் திருப்பினால் படிகள் வெளிப்படும் நாற்காலி ஒன்று இருந்தது. ஒரே பொருள் இரு வேலை செய்வது என்ற எண்ணம் வீட்டு ஏணியோடு சேர்ந்தது இப்படித்தான். அன்று அது சிக்கனத்துக்காக அல்ல, ஒளித்துவைப்பதற்காக.

எளிய வீடுகளுக்கு வந்த மாற்றம் வேறு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரின் தச்சரான ஜான் பால்ஸ்லி 1862 சனவரி 7 அன்று மடக்கு ஏணிக்குக் காப்புரிமை பெற்றார். மடக்கு ஏணியையே அவர்தான் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதப்படுவதுண்டு. அதற்கு முன்னரும் மடங்கும் ஏணிகள் இருந்தன என்பதால் அது மிகைக் கூற்று. அவர் ஏணியின் சிறப்பு, உருண்டைப் பழுக்களுக்குப் பதிலாக வைத்த தட்டைப் படிகளும், மடக்கி ஒதுக்கிவைக்க உதவும் கீலும் ஆகும். சாய்ப்பு ஏணியில் பழுவை மாறி மாறி மிதித்து ஏறுபவருக்கு உருண்டை வடிவம் பெரிய இடையூறு அன்று. அறைக்குள் ஓரிடத்தில் நின்று நெடுநேரம் இரு கைகளாலும் வேலை செய்பவருக்கோ பாதம் முழுவதும் ஊன்ற இடம் வேண்டும். வீட்டு வேலை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

அலுமினியம்

மர ஏணி கனமானது. வெயிலில் வெடிக்கும், மழையில் ஊறும். இரும்பு இன்னும் கனம். அலுமினியமோ 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் ஒரு சிறு முனையாக வைக்கப்படும் அளவுக்கு அரிய உலோகமாக இருந்தது. 1886இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் மின்னாற்பகுப்பு முறையைக் கண்டறிந்த பின் அதன் விலை சரிந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அலுமினிய ஏணி வீடுகளுக்குப் பரவியது. ஒரே ஆள் தூக்கிச் செல்லும் எடையில் ஏணி கிடைத்த பிறகுதான், அதில் கூடுதல் கீல்களையும் உள்நகரும் குழாய்களையும் சேர்க்க இடம் வந்தது.

இதற்குக் கொடுத்த விலை மின்சாரம். அலுமினியம் மின்சாரத்தை நன்கு கடத்தும். எனவே மின்கம்பி அருகே வேலை செய்வோருக்கு அது ஏற்றதன்று. அவர்களுக்காகக் கண்ணாடியிழை ஏணிகள் வந்தன.

குமெர்லினும் விங்கும்

இன்றைய பல்பயன் ஏணியின் நேரடி முன்னோடி ஜெர்மனியில் உருவானது. வால்ட்டர் குமெர்லின் என்னும் வண்ணம் பூசுபவர், தம் தொழிலுக்கென நடுவில் கீல் கொண்டதும் வெளிப்பகுதிகள் நீண்டு சுருங்குவதுமான ஏணி ஒன்றை வடிவமைத்தார். 1970களின் தொடக்கத்தில் அங்கே ஆயுள் காப்பீடு விற்றுவந்த அமெரிக்கரான ஹால் விங் அதைக் கண்டார். தாயகம் திரும்பி யூட்டா மாநிலத்தில் தொழில் தொடங்கி, 'லிட்டில் ஜயன்ட்' என்ற பெயரில் அதை விற்றார். 2000களின் தொடக்கத்தில் வந்த நீண்ட தொலைக்காட்சி விளம்பரங்கள் அதை அமெரிக்க வீடுகளில் அறிமுகமான பெயராக்கின. வண்ணம் பூசுபவரின் கருவி வீட்டுக்காரரின் கருவியானது.

இவ்வடிவத்தின் சூழ்ச்சி எளியது. ஒரு பக்கத்துக் கால்களை மட்டும் நீட்டலாம். ஆகவே ஒரு காலை மேல்படியிலும் மறுகாலை கீழ்ப்படியிலும் வைத்து, மாடிப்படியின் நடுவிலேயே ஏணியை நேராக நிறுத்தலாம். சாதாரண மடக்கு ஏணியை அங்கே நிறுத்த முயன்று பலகையும் செங்கலும் அடுக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கீல்களும் தேர்வும்

கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வேறு வகை: நான்கு துண்டுகளை மூன்று இணை கீல்கள் இணைக்கும் ஏணி. அதாவது மொத்தம் ஆறு கீல்கள். இதை மடித்தால் சிறு இடத்தில் அடங்கும், சாரமாகவும் விரியும். ஆனால் நேராக நீட்டும்போது ஏணியின் நடுவிலேயே மூட்டுகள் அமைகின்றன. ஏறுபவரின் எடை வளைக்க முயலும் இடமும் அதுதான். ஒவ்வொரு கீலும் தனித்தனியே பூட்டிக்கொள்ள வேண்டும். இணையில் ஒன்று பூட்டி மற்றொன்று பூட்டாவிட்டால், தரையில் பார்க்கும்போது வேறுபாடு தெரியாது. பாதி உயரத்தில் தெரியவரும். படிக்கட்டில் நிறுத்தவும் இவ்வகை உதவுவது குறைவு. மாடி வீட்டுக்காரர் முந்திய வகைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு.

வாங்குபவர் ஏமாறும் இன்னொரு இடம் நீளக் கணக்கு. நான்கு துண்டுகளாக 3.7 மீட்டர் நீளும் ஏணியைச் சுவரில் சாய்க்கும்போது ஏறத்தாழ 75 பாகை கோணம் வேண்டும். 4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு அடி விலகல் என்பது பழைய கணக்கு. கூரைக்கு ஏறி இறங்கக் கூரை விளிம்புக்கு மேல் ஏறத்தாழ 0.9 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், அது பயன்படுவது சுமார் 2.7 மீட்டர் உயரக் கூரைக்கே. அதையே மடக்கி நிறுத்தினால் உச்சி 1.8 மீட்டருக்கும் குறைவு. உச்சிக் கீலின் மேல் நிற்கவும் கூடாது.

தாங்கும் எடையைப் பற்றிய விதிகளும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்கத் தரநிலையில் வீட்டு உபயோகத்துக்கான மூன்றாம் வகை 200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 90 கிலோ மட்டுமே தாங்கக் கணக்கிட்டது. ஏறுபவரோடு அவர் கையிலுள்ள வண்ண வாளியும் கருவிகளும் அதில் அடக்கம். ஐரோப்பாவின் இ.என். 131 தரநிலை 150 கிலோவை எல்லையாகக் கொள்கிறது. அத்தரநிலை 2018இல் திருத்தப்பட்டபோது, சாய்த்து வைக்கத்தக்க 3 மீட்டருக்கு மேற்பட்ட ஏணிகளின் அடி அகலமாக இருக்க வேண்டும் என்ற விதி சேர்ந்தது. அதனால்தான் அண்மைக் காலத்து ஏணிகள் பலவற்றின் அடியில் குறுக்காக ஒரு நீண்ட தாங்குசட்டம் காணப்படுகிறது. சில ஏணிகளில் அச்சட்டத்தைத் தனியாகப் பெட்டியில் வைத்தே விற்கின்றனர். வாங்கியவர்தான் அதைத் திருகாணியிட்டுப் பொருத்திக்கொள்ள வேண்டும்.