புரை முற்றும்வரை

மதுரைச் சீமையில் 1970கள் வரைக்கும் கண்புரைக்கு முதல் வைத்தியம் காத்திருப்பதுதான். "இன்னும் முத்தலை, அறுப்பு முடிஞ்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்நாளைய அறுவை, கண்ணின் லென்ஸை அதன் உறையோடு முழுசாக எடுப்பது. பார்வை ஏறத்தாழ அணைந்த பிறகே கைவைப்பார்கள். எடுத்த இடத்தில் மாற்று லென்ஸ் எதுவும் வைப்பதில்லை. மூக்கின் மேல் சோடாபுட்டிக் கண்ணாடி வரும், அவ்வளவுதான்.

அந்தக் கண்ணாடியில் எல்லாம் கால் பங்கு பெரிசாகத் தெரியும். நிலைக்கால் வளையும். ஓரத்தில் நடந்து வருகிறவர் காணாமல் போய்த் திடீரென்று எதிரே முளைப்பார். எங்கள் அப்பத்தா படி இறங்கும்போது ஒவ்வொரு படியையும் கட்டைவிரலால் துழாவிப் பார்த்துத்தான் மிதிப்பார்.

ஆனாலும் அந்தக் கண்ணாடி வருமுன் வீட்டில் அவருக்குப் "புத்தி பிசகிப்போச்சு" என்றே முடிவுகட்டியிருந்தார்கள். என்னை என் அப்பா பேர் சொல்லிக் கூப்பிடுவார். உலையில் இரண்டு தடவை உப்புப் போடுவார். திண்ணைக்கு வருவதையே விட்டுவிட்டார். கண் முகாமில் அறுவை முடிந்து, புண் ஆறி, கண்ணாடி வந்ததும் பல்லாங்குழியை எடுத்துவரச் சொன்னார். புளியங்கொட்டைக் கணக்கில் என்னால் அவரை ஜெயிக்கவே முடியவில்லை.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்று லண்டனில் ஹரால்டு ரிட்லி 1949-லேயே செய்து காட்டிவிட்டார். போர் விமானிகளின் கண்ணில் தைத்த பிளாஸ்டிக் சில்லுகள் உறுத்தாமல் கிடந்ததைப் பார்த்து வந்த யோசனை. நம் ஏழைகளுக்கு அது எட்டவே நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்று 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இறக்குமதி லென்ஸின் விலை கட்டுப்படியாகாததால் 1992-ல் மதுரையிலேயே அரவிந்தின் ஆரோலேப் லென்ஸ் ஆலை எழுந்தது. லென்ஸ் விலை பல மடங்கு இறங்கியது. எனக்கு இதுதான் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம்.

புரைக்கும் அப்பத்தாவின் "புத்தி பிசகு" போன்ற மறதிக்கும் உள்ள தொடர்பைத் தேடி, சியாட்டில் பகுதியில் புரை வந்த 3,038 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வந்தது சுமார் 30 சதவீதம் குறைவு. இது தொடர்புதான், காரணம் என்று அறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவை மறதி நோயின் மாற்றக்கூடிய ஆபத்துக் காரணிகளில் சேர்த்துவிட்டது.

மறதி என்று அழைத்துவரப்படும் ஒவ்வொருவருக்கும் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். நினைவுச் சோதனையில் படம் காட்டி "இது என்ன?" என்று கேட்கிறார்கள்; அந்தப் படமே தெரியாதவருக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது அநியாயம்.