பங்கில்லாத பங்காளிகள்

பங்கு உடையவன் பங்காளி. தகப்பன் விட்டுப்போன வயலிலும் கிணற்றிலும் உரிமையுள்ள அண்ணன் தம்பிகளையும் அவர்கள் வழிவந்த ஆண்களையும் குறித்த சொல் அது. பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது. அதற்கு மாமன் மச்சான் முறை வேண்டும். கூடப் பிறந்தவனே நாளை வரப்புக்காக மோதுவான் என்ற பெற்றோரின் அச்சமும் பங்காளி என்ற சொல்லுக்குள் உண்டு. 'பங்காளிக் காய்ச்சல்' என்ற வழக்கு அதைத்தான் சொல்கிறது.

திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து ஆள்திரட்டிய கங்காணியின் பின்னால் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறியவர்கள் இந்தச் சொல்லோடுதான் வந்தார்கள். வந்த இடத்தில் பங்குபோட ஒன்றுமில்லை. மண் தோட்டத் துரைமாருடையது, 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் தொழிலாளிக்குக் காணி கிடைக்கவில்லை. ஹட்டன், நுவரெலியா லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராதான் குடும்பம் முழுவதற்கும். மூத்தவனுக்குக் கல்யாணமானால் குறுக்கே ஒரு சேலை தொங்கும். இளையவன் இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையில் படுப்பான்.

ஆனாலும் சொல் சாகவில்லை. சாவுக்கு மொட்டை அடித்துத் தீட்டுக் காப்பவன் பங்காளி. சமைந்த பெண்ணுக்குச் சீர் கொண்டு வருபவன் தாய்மாமன். காணியை இழந்த உறவு கடமையைப் பற்றிக்கொண்டது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். "தங்கச்சியக் கரையேத்திட்டுத்தான் ஒனக்கு" என்று மகனிடம் சொல்லும் தாயின் கண்ணுக்கு அவன் நாளைய தாய்மாமன். ஆனால் கொழுந்து பறித்து அந்த வீட்டுக்குச் சம்பளம் கொண்டு வருபவளே அந்தத் தங்கச்சிதான் என்பதை இந்த முறை கணக்கில் எடுப்பதில்லை.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இந்த மக்களைப் பற்றி ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். காணியே இல்லாதவர்களை இரண்டு அரசுகள் பங்குபோட்டுக்கொண்டன. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று உடைந்த குடும்பங்கள் ஏராளம். தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலை மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்றது. அண்ணன் மகளுக்குத் தங்கை மகன் என்று பெற்றோர் பேசி வைத்த முறை இருந்தது. மாப்பிள்ளை கடலுக்கு அப்பால் நீலகிரித் தோட்டமொன்றில் இருந்தான்.

இப்போது தோட்டங்களில் சிறு காணித்துண்டுகளில் தனிவீடுகள் எழுகின்றன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். பங்குபோட மண் வந்ததும் காணி உறுதி யார் பெயரில் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. மூத்தவன், இளையவன் என்று பேச்சு தொடங்கும்போது, தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறித்த மகளின் பெயரையும் பெற்றோர் சொல்ல வேண்டும். பங்காளி என்ற சொல்லுக்குள் அவளை யாரும் சேர்த்ததில்லை.