அரிபெர்த்தோ (மிலான் பேராயர்)

இன்டிமியானோவின் அரிபெர்த்தோ, 1018 முதல் 1045 ஜனவரி 16இல் இறக்கும்வரை வட இத்தாலியின் மிலான் நகரப் பேராயராக இருந்தவர். அக்காலத்தில் அந்தப் பதவி வழிபாட்டோடு நிற்கவில்லை. நிலமும் நீதியும் படையும் பேராயரின் கையில் இருந்தன.

1024இல் பேரரசர் இரண்டாம் ஹென்றி இறந்ததும், இத்தாலியப் பிரபுக்கள் சிலர் பிரான்சிலிருந்து ஓர் அரசரைக் கொண்டுவர முயன்றனர். அரிபெர்த்தோவோ ஆல்ப்ஸ் மலையைக் கடந்து சென்று ஜெர்மானிய அரசர் இரண்டாம் கொன்ராடுக்கு ஆதரவளித்தார். 1026இல் அவரை இத்தாலியின் அரசராக முடிசூட்டினார். 1034இல் தஸ்கனியின் ஆட்சியாளர் பொனிபாச்சியோவும் அவரும் கொன்ராடுக்காகப் பர்கண்டிக்குப் படை நடத்திச் சென்றனர்.

இந்த நட்பு நிலத்தகராற்றில் முறிந்தது. திருச்சபை நிலங்களைக் 'கப்பிதானி' எனப்பட்ட பெரும்பிரபுக்கள் மானியமாகப் பெற்று, அவற்றில் ஒரு பகுதியை 'வல்வசோர்' எனப்பட்ட சிறுவீரர்களுக்கு அளித்திருந்தனர். பெரியவர்களின் நிலம் மகனுக்குச் சென்றது. சிறியவர்களுக்கு அந்த உறுதி இல்லை. 1035ஐ ஒட்டி ஒரு வல்வசோரின் நிலம் பறிக்கப்பட்டபோது கிளர்ச்சி வெடித்தது. அரிபெர்த்தோ பெரும்பிரபுக்களின் பக்கம் நின்றார். கம்போமாலோ போரில் அவர் தரப்புக்கு வெற்றி கிட்டவில்லை.

இத்தாலிக்கு நேரில் வந்த கொன்ராட், 1037இல் பாவியா நகரில் பேராயர்மீதான புகார்களை விசாரித்தார். பணிய மறுத்த அரிபெர்த்தோ கைது செய்யப்பட்டார். காவலிலிருந்து தப்பி மிலான் சேர்ந்தார். கொன்ராட் நகரை முற்றுகையிட்டும் வீழ்த்த முடியவில்லை. முற்றுகையின் நடுவே, மே 28 அன்று, சம தகுதி உள்ளோரின் தீர்ப்பின்றி எந்த வீரரின் நிலத்தையும் பறிக்கக்கூடாது என்றும், அது வாரிசுகளுக்கே சேரும் என்றும் அவர் ஆணையிட்டார். போரில் கிடைக்காத ஆதரவைச் சட்டத்தால் பெற எடுத்த இந்த முடிவுதான் அந்த ஆண்டின் மிகப்பெரிய நிகழ்வு. இத்தாலிய நிலமானிய முறைக்கு அது நெடுங்காலம் அடித்தளமாக நின்றது.

கொன்ராட் வேறொரு பேராயரை அறிவித்தார். 1038இல் போப் ஒன்பதாம் பெனடிக்ட் அரிபெர்த்தோவைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். மிலான் அவரைக் கைவிடவில்லை. 1039இல் ஏழை, செல்வர், உழவர், வீரர் அனைவரையும் அவர் ஆயுதம் ஏந்த அழைத்தார். உயர்ந்த கம்பத்தில் சிலுவை தாங்கிய வண்டி ஒன்றைப் படையின் அடையாளமாக அமைத்தார். 'கரோச்சோ' என்ற இவ்வண்டியைப் பிற இத்தாலிய நகரங்களும் பின்னர் ஏற்றுக்கொண்டன. அவ்வாண்டு ஜூனில் கொன்ராட் இறக்க, அடுத்த அரசர் மூன்றாம் ஹென்றி 1040இல் பேராயரோடு சமாதானமானார்.

ஆனால் ஆயுதம் பழகிய பொதுமக்கள் 1042இல் லான்சோனே என்பவரின் தலைமையில் பிரபுக்களை எதிர்த்தெழுந்தனர். பிரபுக்களும் அரிபெர்த்தோவும் நகரை விட்டு வெளியேற நேர்ந்தது. 1044இல்தான் உடன்பாடு ஏற்பட்டது.

அவர் வரலாற்றில் ஒரு கரும்புள்ளி உண்டு. 1028ஐ ஒட்டி, மாற்றுச் சமயக் கொள்கை கொண்டிருந்த மோன்போர்தே என்ற ஊரின் மக்களை அவர் மிலானுக்குப் பிடித்துவந்தார். சிலுவையை ஏற்க மறுத்தவர்கள் எரிக்கப்பட்டனர். பேராயரின் விருப்பத்தை மீறி நகரத் தலைவர்களே அதைச் செய்ததாக வரலாற்றாளர் லாந்துல்போ எழுதினார். எனினும், அம்மக்களைச் சிறைப்படுத்திய பொறுப்பு அரிபெர்த்தோவையே சேரும்.

கலையிலும் அவர் தடம் பதிந்துள்ளது. பேராயராகும் முன்பே கல்லியானோவின் சான் வின்சென்சோ தேவாலயத்தைப் புதுப்பித்தார். 1007இல் அது அருட்பொழிவு பெற்றது. அவர் உருவம் பொறித்த பெரிய செப்புச் சிலுவை மிலான் பேராலய அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவருக்குப்பின் மிலான் நகரத்தார் நான்கு பேரை முன்மொழிந்தனர். மூன்றாம் ஹென்றி அவர்களை ஒதுக்கிவிட்டு, குயிதோ என்பவரைப் பேராயராக்கினார்.